ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? கனடாவின் கியூபெக் மாகாண அரசின் பிரெஞ்சு மொழி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 1989 இல் மொன்றியலுக்கு வந்தவன். பகலில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவியபடி, மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். என் பிள்ளைகள் இருவரும், குடிவந்தோரின் பிள்ளைகள் பிரெஞ்சில் கற்க வேண்டும் என்னும் 101 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரெஞ்சுப் பாடசாலைக்குப் போனவர்கள். அவர்கள் தமக்குள் சண்டை பிடிப்பதுகூடப் பிரெஞ்சில்தான். ஆங்கிலம் சூழ்ந்த ஒரு கண்டத்தில் தன் மொழிக்கு வேலி கட்டிக்கொள்ளும் சமூகத்தின் அச்சத்தை ஈழத் தமிழனுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே, இதனைப் பிரெஞ்சுக்கு எதிரான மடலாகத் தாங்கள் கொள்ளமாட்டீர்கள் என நம்புகிறேன்.

என் முறைப்பாடு, பிரெஞ்சைப் பலப்படுத்தவென்று 2022 இல் நிறைவேறிய 96 ஆம் இலக்கச் சட்டத்தின் ஒரே ஓர் ஏற்பாட்டைப் பற்றியது. புதிதாக வந்து குடியேறுபவருக்கு முதல் ஆறு மாதம் மட்டுமே அரச அலுவலகங்கள் வேறு மொழியில் சேவை வழங்கலாம். அதன் பின்னர், சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு, இயற்கை நீதி போன்ற சில விலக்குகள் தவிர, எல்லாம் பிரெஞ்சில்தான். இது 2023 யூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஆறு மாதத்தை ஒருவர் விமானத்திலிருந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணாதீர்கள். பிரெஞ்சு வகுப்பில் அவருக்கு ஓர் இருக்கை கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை 2024 ஏப்பிரலில் பத்து வயது மகளுடன் இங்கு வந்தார். வந்த மாதமே பிரெஞ்சு வகுப்புக்குப் பதிவு செய்தார். இடம் கிடைத்தது செப்டெம்பரில். ஒக்டோபரில் அவருடைய ஆறு மாதம் முடிந்தது. நவம்பரில், பணம் போதாதென்று அந்த வகுப்பையே மூடிவிட்டார்கள். அந்த இலையுதிர்காலத்தில் மொன்றியல் உட்படப் பல இடங்களில் இவ்வாறு வகுப்புகள் மூடப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். இணையவழி வகுப்பு உண்டென்று சொல்வீர்கள். இரவு வேலை முடித்து விடிகாலையில் வீடு திரும்பி, தாயும் மகளும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரேயொரு கைப்பேசியில் அதையும் முயன்று பார்த்தார்.

சனவரியில், ஒரு கொடுப்பனவு தொடர்பாக, நான் பெயர் சொல்ல விரும்பாத அலுவலகமொன்றிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது; முழுவதும் பிரெஞ்சில். ஊரில் படித்த ஆங்கிலத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தவருக்கு அதில் இரண்டு விடயங்கள் பிடிபட்டன: 'டெலே' என்றொரு சொல், 30 என்றோர் எண். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தாமதம் என்று பொருள். பாவம், அலுவலகத்தில் வேலை அதிகம்போலும், முப்பது நாள் தாமதமாகும் என்று அறிவித்திருக்கிறார்கள் என எண்ணி, நகரின் மறுகோடியில் இருக்கும் எங்களுக்கும் தொந்தரவு கொடுக்காமல் பொறுமையாகக் காத்திருந்தார். பிரெஞ்சில் அச்சொல் காலக்கெடுவைக் குறிக்கும் என்பதைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பது நாளுக்குள் ஒரு சான்றிதழை அனுப்பச் சொன்ன கடிதம் அது. இரண்டாவது கடிதத்தை, பாடசாலையில் ஓரளவு பிரெஞ்சு கற்றுக்கொண்ட மகள்தான் வாசித்துச் சொன்னாள். தாயின் கோப்பு மூடப்பட்டுவிட்டதென்ற செய்தியைத் தாய்க்கு அறிவிக்கும் பொறுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளையின் தலையில் விழுந்தது. அதன் பிறகு அஞ்சல் பெட்டியைத் திறக்க அந்தப் பிள்ளைக்கு மனம் வருவதில்லை.

இதில் எனக்கு வெட்கமான ஒரு விடயமும் உண்டு. 2021 மே 13 இற்கு முன்பு ஓர் அலுவலகத்துடன் ஆங்கிலத்தில் மட்டுமே கடிதத் தொடர்பு வைத்திருந்தவருக்கு அவ்வாறே தொடர இதே சட்டம் வழிவிடுகிறது. வந்த புதிதில் படிவமொன்றில் ஆங்கிலம் என்ற கட்டத்தில் புள்ளடி இட்டவன் நான். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பிரெஞ்சு பேசும் எனக்கு அந்த அலுவலகம் இன்றும் ஆங்கிலத்தில் எழுதுகிறது. வந்து ஒன்பது மாதமான அவருக்குப் பிரெஞ்சில் எழுதியது.

என் தந்தையார் இலங்கையில் அரச எழுதுவினைஞராக இருந்தவர். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர், குறித்த தவணைக்குள் சிங்களத்தில் சித்தியடையும்படி கேட்கப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழ் அலுவலர்களில் அவரும் ஒருவர். இரண்டு சட்டங்களும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது தங்கள் மக்களுக்கும் எங்கள் மக்களுக்கும் செய்யும் அநியாயம். ஆனால் வாசிக்க முடியாத ஓர் அரச கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரின் முகத்தை நான் முதலில் கண்டது எங்கள் வீட்டில்தான்.

அரசிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது. 2013 இல் இத்தாலிய உணவகமொன்றின் உணவுப் பட்டியலில் 'பாஸ்தா' என்ற பிரெஞ்சல்லாத சொல்லைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுத, பிரெஞ்சுப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் அரச மொழி அலுவலகத்தில் ஆள் இருந்தது. உலகமே சிரித்து, அதன் தலைவர் பதவி விலக நேர்ந்ததும் நினைவிருக்கும். 2025 யூன் முதல், கடையின் வெளிப் பலகையில் பிற மொழிப் பெயர் இருந்தால் பிரெஞ்சு அதைப்போல் இரு மடங்கு இடம் பிடிக்க வேண்டும் என்கிறீர்கள்; பலகைகளை அளக்க அளவு நாடாவுடன் ஆட்கள் வருவார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. அதே சுறுசுறுப்புடன் ஓர் ஆசிரியரும் முப்பது கதிரைகளும் வரக்கூடாதா? ஆற்றுக்கு அக்கரையில் கானவாக்கேயில் வாழும் மோஹோக் பூர்வகுடி மக்கள், பிரெஞ்சுக்காரரின் கப்பல் வருமுன்பே இங்கு மொழி இருந்ததென்று நினைவூட்டி இச்சட்டத்தை எதிர்த்தபோது அவர்களுக்குக் கிடைத்த மறுமொழியைப் பற்றியும் எழுதலாம். விலகிப் போகிறேன், மன்னிக்கவும்.

கேட்க வந்ததையே மீண்டும் கேட்கிறேன். ஆறு மாதம் ஆறு மாதமாகவே இருக்கட்டும். அதைக் கூட்டித் தரும்படி கேட்கவில்லை. அது வகுப்பில் இருக்கை கிடைத்த நாளில் தொடங்கட்டும், அரசு தானே வகுப்பை மூடினால் அந்த நாளில் நின்று, வகுப்பு திரும்பத் தொடங்கும்போது தொடரட்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையெனில், அது நிறைவேறும்வரை, காலக்கெடு உள்ள கடிதங்களிலாவது அந்தத் தேதியையும் கேட்கப்படும் ஆவணத்தின் பெயரையும் பெறுபவருக்கு விளங்கும் மொழியில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இம்மடலின் பிரெஞ்சுப் படியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியுள்ளேன். பதிலையும் பிரெஞ்சிலேயே எழுதுங்கள், வாசித்துக்கொள்வேன். மூடப்பட்ட அந்தக் கோப்பைத் திறக்கக் கோரும் விண்ணப்பத்துக்கு இன்னும் பதினொரு நாள் 'டெலே' இருக்கிறது.

இங்ஙனம்,
மரியாதையுடன்,
மொன்றியலில் வாழும் ஒரு தமிழ்க் குடிமகன்