மேடையை விட்டுப் போவது ஒருவரா, பலரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஷேக்ஸ்பியரைப் படிப்பது பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஓரிடம் மட்டும் உறுத்தியது. 'எக்ஸியண்ட்' என்ற மேடைக்குறிப்புக்கு 'வெளியேறுங்கள்' என்று பொருள் சொன்ன கட்டுரையாளர், 'எக்ஸிட் என்று போட்டாலும் ஒன்றுதான்' என்று போகிற போக்கில் சேர்த்திருக்கிறார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பழக்கதோஷம், சிவப்புப் பேனாவைத் தேடாமல் இருக்க முடியவில்லை.

இரண்டுமே லத்தீன் வினைமுற்றுகள். 'எக்ஸிட்' என்றால் வெளியே போகிறான், அல்லது போகிறாள். 'எக்ஸியண்ட்' என்றால் வெளியே போகிறார்கள். ஏவல் வினையாக இருந்தால் ஒருவருக்கு 'எக்ஸி' என்றும் பலருக்கு 'எக்ஸீத்தே' என்றும் வந்திருக்கும். ஆக நாடகாசிரியர் யாரையும் விரட்டவில்லை, மேடையில் நடப்பதைச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரே சொல்லுக்குள் எழுவாயும் எண்ணும் அடங்கியிருப்பது விநோதமாகப் படலாம். 'போகிறார்கள்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் என்ன விநோதம்? விகுதியைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. ஆண்பாலா பெண்பாலா என்பதை மட்டும் லத்தீன் வினை காட்டாது. அதற்குத் தனியாக நிற்பவனை 'சோலுஸ்' என்றும் தனியாக நிற்பவளை 'சோலா' என்றும் குறிப்பார்கள்.

சரி, ஒருவர் போனால் என்ன, நாலு பேர் போனால் என்ன என்று கேட்கலாம். அன்றைய லண்டன் மேடையை நினைத்துப் பாருங்கள். 1599இல் கட்டப்பட்ட குளோப் அரங்கில் முன்திரை கிடையாது. பட்டப்பகலில் திறந்த வானத்தின் கீழ் நாடகம் நடந்ததால் விளக்கை அணைத்துக் காட்சியை முடிக்கவும் வழியில்லை. மேடை காலியானால்தான் ஒரு காட்சி முடிந்தது என்று அர்த்தம். செத்தவன்கூட அங்கேயே கிடக்க முடியாது, யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். 'ஹாம்லெட்' நாடகத்தில் இளவரசன் ஹாம்லெட் அரசவை ஆலோசகர் பொலோனியஸைக் கொன்ற பிறகு அந்தக் காட்சி எப்படி முடிகிறது தெரியுமா? 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பில் 'பொலோனியஸை இழுத்துக்கொண்டு ஹாம்லெட் போகிறான்' என்று இருக்கிறது. போவதென்னவோ இரண்டு உடல்கள், ஆனால் வினை ஒருமை. பிணம் போகாது, இழுபடத்தான் செய்யும். எவ்வளவு கறாரான இலக்கணம் பாருங்கள்!

இதன் அருமை எனக்குத் தெரிந்ததே ஒரு அவமானத்தில்தான். பி.ஏ. படித்தபோது கல்லூரி விழாவில் ஜூலியஸ் சீசரிலிருந்து ஆண்டனி பேசும் காட்சியைப் போட்டோம். நான் ரோமாபுரிக் கூட்டத்தில் ஒருவன். எங்கள் பத்துப் பேருக்கும் வசனத்தைக் கையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் 'எக்ஸியண்ட்' என்று இருந்தது. அது யாரோ ஒரு ரோமானியனின் பெயர், அடுத்து அவன் வந்து பேசுவான் என்று நினைத்துக்கொண்டோம். கொலையுண்ட சீசருக்காகப் பொங்கிக் கத்திவிட்டு, அப்படியே நின்றோம். ஆண்டனி எங்களைப் பார்க்கிறான், நாங்கள் ஆண்டனியைப் பார்க்கிறோம். பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து பேராசிரியர் "போங்கடா, போங்கடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது முதல் மூன்று வரிசைக்காவது கேட்டிருக்கும். ஆண்டனி அடுத்துச் சொல்ல வேண்டிய வரி, 'இனி அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும்' என்ற பொருளில் வருவது. கூட்டத்தைத் தூண்டிவிட்டவன் அந்தக் கூட்டம் போன பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. நாங்கள் சுற்றி நிற்க அதை அவன் சொன்னபோது சதிகாரன் சதியை மைக் பிடித்து அறிவித்த மாதிரி ஆகிவிட்டது. அரங்கமே சிரித்தது. ஒரு வினைமுற்று புரியாததால் ஷேக்ஸ்பியரின் சோகம் கோமாளிக்கூத்தானது.

ஆனால் கட்டுரையாளருக்கு ஒரு சாட்சி இருக்கிறது, அதை நான் மறைக்கக் கூடாது. அதே 1623 தொகுப்பு, அந்தக் கூட்டம் கலைகிற இடத்தில் 'எக்ஸிட்' என்று ஒருமையில்தான் அச்சிட்டிருக்கிறது. 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தின் முதல் காட்சியில் பெனடிக்கும் கிளாடியோவும் பின்தங்குகிற இடத்தில் 'மானெட்', அதாவது 'நிற்கிறான்', என்று போட்டிருக்கிறது. இரண்டு பேர் என்பதால் 'மானெந்த்' என்று வந்திருக்க வேண்டும். படியெழுதியவரோ அச்சுக் கோத்தவரோ, யாரோ ஒருவர் இதையெல்லாம் பெரிதுபண்ணவில்லை. பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள்தான் உட்கார்ந்து திருத்தினார்கள். ஆகவே 'அந்தக் காலத்திலேயே அசட்டையாக எழுதியிருக்கிறார்கள்' என்று கட்டுரையாளர் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். 'ஒன்றுதான்' என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

இந்த வழக்கம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. காளிதாசனின் சாகுந்தலத்தை மூலத்தில் பார்த்தவர்களுக்கு அங்கத்தின் முடிவில் வரும் 'நிஷ்க்ராந்தாஹ் ஸர்வே' நினைவிருக்கும். எல்லோரும் வெளியேறினர் என்று பொருள். லத்தீனில் 'எக்ஸியண்ட் ஓம்னெஸ்' என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். சமஸ்கிருதத்தில் இருவர் போனால் அதற்கென்று இருமை வடிவமும் உண்டு. அச்சுக் கோத்தவர் பாடு அங்கே இன்னும் திண்டாட்டமாகியிருக்கும்.

சினிமா தியேட்டர் கதவின் மேல் சிவப்பாக ஒளிரும் 'எக்ஸிட்' பலகையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அது எப்போதோ ஆங்கிலப் பெயர்ச்சொல்லாகிவிட்டது. படம் விட்டதும் ஐந்நூறு பேர் அதன் வழியாக முண்டியடித்தாலும் இலக்கணம் கெடாது. நாடகப் பிரதியில் மட்டும் அந்த விகுதியைக் கொஞ்சம் கவனிக்கலாம். தமிழில் பெயர்ப்பவர்கள் 'வெளியேறுக' என்று ஏவாமல் 'போகிறாள்', 'போகிறார்கள்' என்றே எழுதலாம். நமக்குத்தான் சொல் தயாராக இருக்கிறதே.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால், தேர்வுக்கு உங்கள் பத்திரிகையைப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.