பேப்பரையும் தராசில் போடுங்கள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்துப் பழைய இரும்புக்கடை முதலாளிமாருக்கும், பட்டா லொறியில் ஒழுங்கை ஒழுங்கையாக வரும் தம்பிமாருக்கும், நகைக்கடைப் பத்தர்மாருக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சங்கத்தில் முப்பது வருசம் கணக்கெழுதி ஓய்வெடுத்தவன். சைக்கிளில் வந்து பித்தளைக் குவியலுக்குள் கையை விட்டுக் கிண்டுகிற ஆள். புதையல் தேடுகிறேன் என்று ஒரு கதை உலாவுகிறது. நான் தேடுவது பதக்கம். இரண்டாம் உலகப் போரில் விமானத்தில் பறந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம். அதைவிட முக்கியமாக, அதோடு வந்த கடதாசி. இந்த மடலே அந்தக் கடதாசிக்காகத்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருசம் மன்னார் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். உரிமையாளர்கள் வெளிநாட்டில். அங்கிருந்து வந்த டொபித் தகரப்பெட்டி ஒன்று ஒரு கடையில் கிடந்தது. உள்ளே ஆறு முனை நட்சத்திரம் ஒன்று, வட்டப் பதக்கம் ஒன்று. "வேறு ஏதும் இருந்ததா தம்பி?" என்று கேட்டேன். "நீலக் கொப்பி ஒன்று இருந்தது ஐயா, பாதி கறையான். பேப்பர்க் கட்டோடு கச்சான் கடைக்குப் போட்டுட்டன்." கச்சான் கடைக்கு ஓடினேன். கொப்பி சுருள் சுருளாகப் போய் முடிந்திருந்தது.

தம்பியில் பிழை இல்லை. உலோகத்துக்கு ஒரு விலை, பேப்பருக்கு ஒரு விலை. தராசு அப்படித்தான் பிரிக்கும். ஆனால் இந்தச் சாமானில் தராசு தலைகீழாக நிற்கிறது. ஏனென்று கேளுங்கள்.

அந்த நட்சத்திரம் 1939–45 ஸ்டார். செம்பும் துத்தநாகமும் கலந்தது. வட்டமானது வார் மெடல், செம்பும் நிக்கலும். பத்தர்மார் உரைத்துப் பார்த்தால் கால் பவுண் வெள்ளிகூடத் தேறாது. அதன் பின்பக்கம் ஒரு சிங்கம் இரண்டு தலை டிராகனை மிதித்துக்கொண்டு நிற்கும். சிங்கத்தைக் கண்டதும் நம்நாட்டுப் பதக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், அது பிரித்தானியச் சிங்கம். இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா தங்கள் ஆட்களின் பெயரைப் பொறித்துக் கொடுத்தன. பிரித்தானியா பொறிக்கவில்லை. லட்சக்கணக்கில் அச்சடித்து, சின்ன மட்டைப்பெட்டியில் போட்டு, ஒரு துண்டுச் சீட்டோடு தபாலில் அனுப்பியது. அந்தப் பெட்டியும் சீட்டும் போனால் பதக்கம் யாருடையதாகவும் இருக்கலாம்.

வெள்ளியில் செய்தவை வேறு. பறக்கும்போது காட்டிய துணிவுக்காகக் கொடுத்தவை. அதிகாரிக்கு டி.எப்.சி. என்ற சிலுவை, சார்ஜன்ட் போன்றவர்களுக்கு டி.எப்.எம். என்ற நீள்வட்டப் பதக்கம். இரண்டும் 1918இல் தொடங்கியவை. ஒரே விமானம், ஒரே குண்டு, ஒரே பயம், பதக்கம் மட்டும் இரண்டு. 1993இல்தான் இந்த வேறுபாட்டை எடுத்தார்கள். இரண்டாம் போரில் சிலுவை 20,000க்கும் மேல் கொடுக்கப்பட்டது, பதக்கம் 6,600 அளவில்தான். இதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. அதிகாரியின் சிலுவையில் வருசம் மட்டும் இருக்கும், பெயர் இராது. சார்ஜன்டின் பதக்கத்து விளிம்பிலோ இலக்கம், தரம், பெயர் எல்லாம் இருக்கும். 1942 ஏப்ரல் 4இல் இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சிறைப்பட்ட கனடாக்காரர் லெனார்ட் பேர்ச்சலுக்குக் கிடைத்ததும் அந்தச் சிலுவைதான்.

ஆகவே பத்தர்மாரே, உருக்கும் முன் விளிம்பைப் பாருங்கள். 1980 வாக்கில் உலகம் முழுக்க வெள்ளி விலை ஏறியபோது முதலாம் போரின் வெள்ளிப் பதக்கங்கள் ஆயிரக்கணக்கில் மூசைக்குள் போயின. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓர் ஆளின் பெயர் இருந்தது. புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும்.

சரி, தகரப்பெட்டிக்கு வருகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவப் போனபோது அடியில் மடித்து விரித்திருந்த தாள் ஒன்று பிரிந்து வந்தது. அந்தக் கொப்பியின் ஒற்றைத் தாள்தான். விமானியின் பறப்புப் பதிவேடு. எனக்குப் பேரேட்டைக் கண்ட மாதிரி இருந்தது. திகதி, விமான வகை, விமான இலக்கம், ஓட்டியவர், என்ன வேலை, பகலில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணி. இரவுப் பறப்பு சிவப்பு மையில். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை, மேலதிகாரியின் கையெழுத்து. 1943. பியூபோர்ட் விமானம். கப்பல்களுக்குக் காவல், 4 மணி 35 நிமிடம்.

ஓட்டியவர் பெயரைத் தேடினேன். ஒவ்வொரு வரியிலும் 'செல்ப்' என்றிருந்தது. தன் பதிவேட்டில் தன்னை அப்படித்தான் எழுதுவார்கள். 'நான்' என்று மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுசன்.

ஆனால் கணக்குக்கு எப்போதும் ஒரு மறுகணக்கு உண்டு. நம்முடைய வவுனியா விமான ஓடுதளம் அந்தப் போரில் றோயல் விமானப்படை அமைத்தது. 22ஆம், 217ஆம் படையணிகளின் பியூபோர்ட்டுகள் இங்கிருந்துதான் கடலுக்குப் போய் வந்தன. ஒவ்வொரு படையணியும் தினப் பதிவு எழுதியது. எந்த விமானம், யார் யார் போனார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று. அவை லண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டனில் இருக்கும் மருமகனிடம் திகதியையும் விமான இலக்கத்தையும் கொடுத்தேன். படியெடுத்து அனுப்பினான். மூன்று நாள் பறப்பை ஒப்பிட்டேன். மூன்றிலும் பொருந்தியது ஒரே பெயர். திருகோணமலை நிலாவெளி வீதிப் போர் மயானத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. உடல் கிடைக்காதவர்களுக்கான சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சுவரிலும் இல்லை. பதக்கங்கள் போர் முடிந்த பிறகு தபாலில் வந்தவை. அப்படியென்றால் மனுசன் தப்பி, இங்கேயே கொஞ்சக் காலம் இருந்திருக்கிறார். பெயரை இங்கே எழுதமாட்டேன், பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒற்றைத் தாளுக்கு இவ்வளவு. முழுக் கொப்பியும் இருந்திருந்தால் என்று யோசிக்கும்போதெல்லாம் கச்சான் சாப்பிட மனம் வருவதில்லை.

ஒரு பத்தர் என்னிடம் முகத்துக்கு நேரே கேட்டார்: "கிபிர் விமானம் வந்து குண்டு கொட்டினதை மறந்துபோட்டு வெள்ளைக்காரன்ர பதக்கத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறியளோ?" மறக்கவில்லை அண்ணை. மேலே இரைச்சல் கேட்டால் என் மனிசி இன்றைக்கும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து பார்க்கிறாள். பதக்கத்தை நான் கும்பிடவில்லை. வன்னியில் எழும்பிய ஒரு விமானத்தை யார் ஓட்டினார், எந்த நாள், எங்கே போனார் என்று வரிக்கு வரி எழுதி, கையெழுத்து வைத்து, எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருப்பதை அந்தத் தாளின் வழியாகத்தான் முதன்முதலில் கண்டேன். கணக்கெழுதினவனுக்கு அது சின்ன விசயம் இல்லை.

நம் போரின் பதக்கம் எவருடையதாவது கிடைத்தால் எனக்குத் தர வேண்டாம். உரியவர்களோ வீட்டாரோ உயிரோடு இருப்பார்கள், அவர்களிடம் போகட்டும். எனக்காக ஒருவரும் காட்டுக்குள் தோண்டவும் வேண்டாம். வெடிக்காததை உடைத்துக் கை போனவர்களை நீங்களே அறிவீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். பெட்டியோடு வந்ததைப் பெட்டியோடு வையுங்கள். கொப்பி, கடித உறை, துண்டுச் சீட்டு, ரிப்பன் துணி, சீருடையோடு எடுத்த படம், கறையான் தின்ற மிச்சம், எது என்றாலும். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு மட்டையில் எழுதிச் செருகிவிடுங்கள். உங்களுக்கும் நட்டமில்லை. வெறும் ஸ்டாருக்கு நான் தருவது உங்களுக்குத் தெரியும். பேப்பரோடு வந்தால் அதைப்போல பல மடங்கு தருவேன். பேரம் பேச நேரமில்லை என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகவே தராசில் போடுங்கள். பேப்பருக்கும் பித்தளை விலை.

இப்படிக்கு,
உங்கள் குவியலைக் கிண்டும்
சங்கக் கணக்கர்