விழிப்புணர்வு எங்களுக்கு இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்கு மறுநாள் உங்கள் நாளிதழில் வந்த பட்டாசுச் செய்தியின் கடைசி வரியில் ஓர் அதிகாரி, "சட்டம் சரியாகத்தான் இருக்கிறது, மக்களிடம்தான் விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லியிருந்தார். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை அப்படியே அச்சிட்டுவிட்டீர்கள். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு பட்டாசு வெடிக்கத் தமிழக அரசு வகுத்த இந்த நேரம் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே வெடிக்கக் கூடாது என்பதும் தெரியும். அதே தீர்ப்பு சரவெடியைத் தயாரிக்கவும் விற்கவும் வெடிக்கவும் தடை போட்டது. சிவகாசியில் அதை நம்பிப் பிழைத்தவர்களுக்குத்தான் அடி விழுந்தது. சரவெடி இன்றும் கேட்ட இடத்தில் கிடைக்கிறது.

இந்தத் தீபாவளி இரவு என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பத்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே சரவெடியை விரித்துக் கொளுத்தினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே நெஞ்சு படபடத்தது. புகை உள்ளே போகாமலிருக்க நர்ஸ் பெண் ஈரத்துணியைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். 100-க்குப் போன் செய்தேன். "தீபாவளியன்னிக்கு வெடிக்காம என்னிக்கும்மா வெடிப்பாங்க?" என்றார் பேசியவர். யாரும் வரவில்லை. விழிப்புணர்வு யாருக்கு இல்லை, நீங்களே சொல்லுங்கள்.

தீபாவளியோடு போவதாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தலைவர் வருகிறார் என்று நட்டநடு ரோட்டில் வெடி போட்டுப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் கொடி பிடித்துக்கொண்டு பைக்கில் ஊர்வலம் போகிறார்கள். பக்கத்திலேயே போலீஸ் நிற்கிறது. ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். வழியையே அடைத்தவர்களுக்கு எவ்வளவு?

அப்புறம், என் மகனுக்குப் போன மாதம் செல்போனில் ஒரு செலான் வந்தது. சிக்னலில் ஸ்டாப் லைனைத் தாண்டினானாம். கூடவே கேமரா எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி நம்பர் பளிச்சென்று தெரிகிறது. கோடு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தார்தான் இருக்கிறது, ஒரு சொட்டு வெள்ளை இல்லை. ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், "கட்டிட்டுப் போங்க, கோர்ட்டுக்குப் போனா அலைச்சல்" என்கிறார்கள். கட்டினோம்.

ஹெல்மெட் போடாதவருக்கு 1,000 ரூபாய் விதிக்கும் அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவை 2019-இல் சேர்த்தார்கள். சாலையை விதிப்படி போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரோ உடல் உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் ஹெல்மெட் வேட்டைக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் நீங்கள் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டதாக எனக்கு நினைவில்லை. வருடக்கணக்காக உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

அடுத்த முறை அந்த அதிகாரியைப் பார்க்கும்போது, ஆஸ்பத்திரி வாசலில் வெடித்ததற்காக இந்த ஆண்டு எத்தனை வழக்கு என்று உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். வருகிற பதிலை அப்படியே போடுங்கள். அந்த சிக்னலில் கோட்டையும் ஒரு தடவை வெள்ளையடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி