கையெழுத்து எங்கே போட வேண்டும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ மும்பையிலிருந்து அனுப்பிய புத்தகத்தை நேற்று ராத்திரிதான் முடித்தேன். ஆங்கிலம் என்பதால் மூன்று வாரம் இழுத்துவிட்டது. அட்டையில் சுஜாதா என்று பார்த்ததும் நம்ம சுஜாதாவோ என்று ஒரு நொடி ஏமாந்தேன். வக்கீல் துப்பறிகிற கதை வேறு! இவர் சுஜாதா மாசி என்பது அப்புறம்தான் உறைத்தது.

‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ கதையை எனக்கு எதற்கு அனுப்பினாய் என்று முதலில் புரியவில்லை. 1921 பம்பாய். பர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண், புரூஸ் தெருவில் அப்பாவின் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். சட்டம் படித்தவள்தான், ஆனால் கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. மில் முதலாளி ஒருவர் இறந்துபோக, மூன்று மனைவிகளும் தங்கள் சொத்தையெல்லாம் தர்மத்துக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு காகிதம் வருகிறது. ஒருத்தி கையெழுத்துக்குப் பதில் வெறும் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பழைய பத்திரங்களில் ‘இன்னார் கீறல்’ என்று பக்கத்தில் எழுதியிருக்குமே, அதேதான். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அந்தக் காகிதத்தை யார் வாசித்துக் காட்டினார்கள்? கொலை விழுவதற்கு முன்பே எனக்குக் கதை அங்கே தொடங்கிவிட்டது.

அந்த மூவரும் கோஷாப் பெண்கள், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள். ஆண் வக்கீல் எத்தனை பெரியவரானாலும் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான். பர்வீன் உள்ளே போய் உட்கார்ந்து பேசுகிறாள். இது கற்பனை மட்டுமில்லை. நாசிக்கில் பிறந்த கொர்னீலியா சொராப்ஜி 1892-லேயே ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை எழுதியவர். பட்டம் கையில் கிடைக்க ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனது. 1904 முதல் வங்காளத்தில் கோஷாப் பெண்களின் சொத்து விவகாரங்களை அரசு சார்பில் கவனித்தார். பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டம் வந்ததோ 1923-ல்.

பர்வீனின் பழைய கல்யாணக் கதை நடுநடுவே வந்து வேகத்தைக் குறைக்கிறது என்பது என் குறை. ஆனால் அதில் வரும் சட்டத்தைத் தேடிப் பிடித்து வாசித்தேன். 1865-ம் வருஷப் பார்சி திருமணச் சட்டம். புருஷன் வேறு பெண்ணிடம் போனால் மனைவி விவாகரத்து கேட்கலாம். ஆனால் அந்த இன்னொருத்தி விலைமாதாக இருக்கக் கூடாதாம். ஒரு சின்னத் தொடர், அதற்குள் எத்தனை ஆண்களை ஒளித்துவைத்திருக்கிறார்கள் பார். பத்திரம் எழுதுகிறவன் கண்ணுக்கு இந்த மாதிரித் தொடர்கள் தப்பாது.

தப்பாது என்று எழுதிவிட்டேன். இனி இதையும் எழுத வேண்டும்.

தாத்தா உயில் எழுதாமல் போனார். 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் வாங்கிய வீட்டில் என்னைப் போலவே உன் அத்தைக்கும் சம பங்கு. அந்தப் பங்கை விட்டுக்கொடுத்து அவள் எனக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தை நான்தான் தயாரித்தேன். ‘மனப்பூர்வமாய்ச் சம்மதித்து’, ‘படித்துப் பார்த்து’ எல்லாம் வழக்கம்போல் போட்டேன். அவள் ஒரு வரி படிக்கவில்லை. “எங்கேண்ணா போடணும்?” என்று மட்டும் கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன். ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டியவன், தங்கைக்கு வாசிக்கவில்லை. அவள் பங்குக்கு என்ன விலை வரும் என்றும் சொல்லவில்லை.

இதை அவள் உன்னிடம் சொல்லியிருப்பாளோ, அதனால்தான் புத்தகம் வந்ததோ, தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இன்று காலை பத்திர நகலை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். முதல் வரியிலிருந்து சாட்சிகள் பெயர் வரை வாசித்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், “சமையலறை பக்கத்துக் கிணறும் இதுல சேர்த்தியா?” என்றாள். சேர்த்திதான் என்றேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

தீபாவளிக்கு நீ வரும்போது அத்தையையும் இங்கேயே வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டு விஷயத்தை மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

அப்பா