கையேட்டில் ‘பேராசிரியர் சாதனைகள்’ பக்கம்: பிளஸ் டூ பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பெறுநர்: பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவர்களின் பெற்றோர்

பொருள்: உயர்கல்வி – அறிவியல் பல்கலைக்கழகங்கள் – பேராசிரியர்களின் ஆய்வுச் சாதனைகள், விருதுகள் – சரிபார்த்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய பெற்றோர்க்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு முடியும் முன்பே கல்லூரிக் கையேடுகள் வீடு தேடி வந்துவிடுகின்றன. எல்லாவற்றிலும் பேராசிரியர்களின் விருதுகளும் காப்புரிமைகளும் பட்டியலாக இருக்கும். அந்தப் பட்டியலில் சரக்கும் உண்டு, சாயமும் உண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன் எது எது என்று பார்த்துவிடுவது நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1909-இல் தொடங்கியது, மத்திய அரசின் தரவரிசையில் பல்கலைக்கழகப் பிரிவில் 2016 முதல் முதலிடத்தில் இருப்பது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1933-இல் அதன் முதல் இந்திய இயக்குநரானார். ஆனால் ராமன் விளைவு 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் கண்டறியப்பட்டது. 1930 நோபல் பரிசு அந்த வேலைக்குத்தான். உயிரியற்பியல் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன் கதையும் இதேதான். பெங்களூருவில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையை நிறுவியவர் அவர். அவர் பெயரை உலகறியச் செய்த இரண்டு வேலைகளும் அதற்கு முன்பே சென்னைப் பல்கலைக்கழகத்தில் முடிந்துவிட்டன. நம் தோல், எலும்பு, தசைநாணில் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1950-களின் நடுவில் காட்டினார். 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோடு சேர்ந்து ‘ராமச்சந்திரன் வரைபடம்’ தந்தார். புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்களில் திரும்ப முடியும். எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், எவற்றில் முட்டாது என்று கணக்கிட்டால் அனுமதிக்கப்பட்ட பகுதிகள் தீவுகள் போலத் தனித்தனியாக நிற்கும். இன்றும் ஓர் ஆய்வகம் புதிய புரத அமைப்பை வெளியிட்டால், அது சரியா என்று பார்க்கும் சோதனைகளில் இந்த வரைபடமும் ஒன்று. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. வரைபடம் இல்லாமல் துறை நகர்வதில்லை.

ஆகவே கையேட்டில் பெரிய பெயரைப் பார்த்தால், அந்த வேலை எங்கே, எந்த ஆண்டில், எந்த ஆய்வகத்தில் நடந்தது என்று கேளுங்கள். பேராசிரியர் வேறு ஊரில் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்வைக் கல்லூரி தன் வளாகத்தின் சாதனையாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. அது பொய்யல்ல. ஆனால் உங்கள் பிள்ளை அங்கே போய்த் தொடப்போகும் கருவி அதுவாக இராது.

விருதுகளில் தேர்ந்தெடுத்துத் தருவது வேறு, விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பெறுவது வேறு. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 1958 முதல் 45 வயதுக்குட்பட்ட விஞ்ஞானிகளுக்குத் தரப்பட்டது. இப்போது மத்திய அரசின் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் என்ற விருதுத் தொகுப்புக்குள் ‘விஞ்ஞான் யுவா’ பிரிவாகத் தொடர்கிறது. அதே தொகுப்பின் உச்ச விருதான விஞ்ஞான் ரத்னா 2024-இல் முதன்முறையாக வழங்கப்பட்டது; பெற்றவர் இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் இயக்குநர் கோ. பத்மநாபன். மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் நடுவிலேயே வாழ்ந்தாலும் தனக்கு வேண்டிய ஹீமை (ஹீமோகுளோபினில் இரும்பு உள்ள பகுதி) தானே தயாரிக்கிறது என்று காட்டிய குழு அவருடையது. அந்தத் தயாரிப்பைத் தடுத்தால் ஒட்டுண்ணியைத் தாக்கலாம் என்பதால் இது மருந்து ஆய்வுக்கு முக்கியமானது.

எஃப்.ஆர்.எஸ். என்பது லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். ராமானுஜன் 1918-இல் பெற்றது இது. கடைசியில் ஒரு ‘சி’ சேர்ந்து எஃப்.ஆர்.எஸ்.சி. என்று இருந்தால் அது பொதுவாக ராயல் வேதியியல் சங்கத்தின் உறுப்பினர் பதவி. தகுதியுள்ளவர்கள் தாங்களே விண்ணப்பித்து, சந்தா கட்டிச் சேரலாம். கேவலமில்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இந்தியாவில் பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய மூன்று ஊர்களில் உள்ள தேசிய அறிவியல் அகாதெமிகளின் ‘ஃபெல்லோ’ என்றால் அதுவும் தேர்வுதான். பெயரே கேள்விப்படாத அமைப்பின் ‘சர்வதேச சிறந்த விஞ்ஞானி’ என்றால், அதன் இணையதளத்தில் பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று தேடுங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

உலக விஞ்ஞானிகளில் முதல் 2 சதவீதத்தினர் என்று சொல்லும் ‘ஸ்டான்ஃபோர்டு வெளியிட்ட 2 சதவீதப் பட்டியல்’ இப்போது எல்லாப் பதாகைகளிலும் வருகிறது. அது விருதே அல்ல. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு, ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து கணக்கிட்டு வெளியிடும் மேற்கோள் அட்டவணை; ஒருவர் கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்பதுதான் மேற்கோள். அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு: வாழ்நாள் முழுமைக்கும் ஒன்று, ஓராண்டுக்கு மட்டும் ஒன்று. ஓராண்டுப் பட்டியலில் வருவதை வாழ்நாள் பட்டியலில் வருவதாகச் சொல்லிவிடுவார்கள். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்த தரவரிசையும் அதே கோப்பில் இருக்கிறது. கழித்தபின் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

எச்-இண்டெக்ஸ் 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 உள்ளன என்று பொருள். வெவ்வேறு துறைகளுக்கு இடையே இதை ஒப்பிடக்கூடாது. கணிதத்தில் கட்டுரைகளும் மேற்கோள்களும் குறைவு. பொருள் அறிவியலில் குவியும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் பார்க்கும்போது நம் ஊர்ப் பெயர்களால் ஒரு சிக்கல் வருகிறது. ‘எஸ். குமார்’ என்று தேடினால் பல எஸ். குமார்களின் கட்டுரைகள் ஒரே கணக்கில் சேர்ந்திருக்கலாம். ஒருவரே வேதியியலிலும் பல் மருத்துவத்திலும் எழுதியதுபோல் தெரிந்தால் அதுதான் காரணம். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனியாக உள்ள ஆர்கிட் எனப்படும் 16 இலக்க எண் இருந்தால் அதைக் கொண்டு தேடுவது பாதுகாப்பு. கட்டுரையைத் திறந்ததும், அது திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு தலைப்பின் மேல் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள்.

காப்புரிமையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்துக் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். சீக்கிரம் வெளியிடக் கோரும் படிவம் 9-உடன் கட்டணம் கட்டினால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வெளியாகிவிடும். இதில் யாரும் எதையும் பரிசோதிக்கவில்லை. தனியாகப் பரிசோதனை கோரி, ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி, அதன்பிறகே உரிமை வழங்கப்படும். வழங்கினால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை இருப்பதால் விண்ணப்பங்கள் குவிகின்றன. ‘வெளியானவை’ என்று கையேடு சொன்னால், ‘வழங்கப்பட்டவை எத்தனை?’ என்று கேளுங்கள். வடிவமைப்புப் பதிவு பொருளின் வெளித்தோற்றத்துக்கு மட்டும் தருவது. அதையும் காப்புரிமைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கினால், காப்புரிமை அலுவலக இணையதளத்தில் அதன் இன்றைய நிலை இலவசமாகத் தெரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம்: அந்தப் பேராசிரியர் பி.எஸ்சி. வகுப்புக்கு வருகிறாரா? நேரில் போகும்போது அலுவலகத்தில் கேட்காதீர்கள். மூன்றாமாண்டு மாணவர்களிடம் கேளுங்கள். செய்முறை வகுப்பில் ஒரு கருவிக்கு எத்தனை பேர், விருது பெற்றவரின் ஆய்வகத்தில் இளங்கலை மாணவர் யாராவது கோடையில் வேலை செய்தார்களா என்றும் விசாரியுங்கள். மேலே சொன்ன மூன்று அகாதெமிகளும் சேர்ந்து மாணவர்களுக்கு இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. அதற்கு அந்தக் கல்லூரியிலிருந்து எவரேனும் போயிருந்தால், பதாகையில் உள்ள பாதி விருதுகளைவிட அதை நான் பெரிதாக மதிப்பேன்.

உங்களிடம் உள்ள கையேடுகளைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். சனிக்கிழமை காலை 10 மணி முதல் பள்ளிக் கணினி அறையில் இயற்பியல், வேதியியல் ஆசிரியர்கள் இருப்பார்கள். கையேட்டுக்கு இரண்டு பேராசிரியர்கள் வீதம் பெயர் போட்டு உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். முன்பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கியவர்கள் முதலில் வரவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்