அட்டையில் இன்னொரு வரி வேண்டும்: போன்சாய் கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர்களில் போன்சாய் கண்காட்சி நடத்தும் மன்றத்தாருக்கும், மலர்க் கண்காட்சிகளில் போன்சாய்ப் பிரிவைக் கவனிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

மொட்டை மாடியில் போன்சாய் வளர்க்கிறேன்: ஆழமில்லாத தொட்டியில், வெட்டி வளைத்துக் குட்டையாக வைத்திருக்கும் மரங்கள். பல ஆண்டுகளாக உங்கள் கண்காட்சிகளுக்கு மரம் கொண்டுவருகிறேன். ஒருமுறை முதல் பரிசும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பரிசு இன்றுவரை என் மனத்தில் சரியாக உட்காரவில்லை. அதனால்தான் இந்த மடல்: கண்காட்சியில் மரத்தின் முன்னால் வைக்கும் பெயர் அட்டையில், அந்த மரத்தை உருவாக்கியவருக்கும் ஒரு வரி வேண்டும்.

பரிசு பெற்றது ஒரு கல்லிச்சி, ஆல் இனத்து மரம். பறவை எச்சத்தில் விழுந்து, ஒரு பழைய வீட்டின் சுவரில் முளைத்த மரம். அந்த வீட்டை இடித்தபோது, பக்கத்தில் நாற்றங்கால் வைத்திருந்த ஓர் அண்ணன், கடப்பாரை வைத்திருந்தவர்களிடம் கெஞ்சி அதை வேரோடு பிரித்தெடுத்தார். அது 2003-இல். செங்கல் வரிசைகளுக்கு நடுவே ஓடியதால் வேர்கள் பட்டையாக இருந்தன. தலையை வெட்டிவிட்டு, சிமெண்டுச் சாக்கில் மணலும் செங்கல் பொடியும் போட்டு நட்டாராம். துளிர்க்க நான்கு மாதம் ஆனது. அப்புறம் ஒரே ஒரு கிளையை மூன்று ஆண்டு வெட்டாமல் ஓடவிட்டார். அந்தக் கிளை ஓட ஓடத்தான் அடிமரம் பருக்கும். பருத்ததும் கிளையை ஒட்ட வெட்டினார். வெட்டிய இடம் மூடத் தொடங்கியதும் அடுத்த கிளையை ஓடவிட்டார். இப்படிப் பதினாறு ஆண்டுகள். 2019 மே மாதம் அவருக்குப் பணம் தேவைப்பட்டது, நான் வாங்கினேன். 2020 ஜனவரியில் பரிசு. அதாவது அந்த மரம் என்னிடம் இருந்தது எட்டே மாதம்.

அந்த எட்டு மாதமும்கூட அவர்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து நுனி கிள்ளினார். கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னால் இலை முழுவதையும் உருவிவிட்டார். புது இலை சிறிதாக, பளபளவென்று வரவேண்டும் என்பதற்காக. கிளைகளை வளைக்கக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தது, மண்மேல் பாசி பரப்பியது, மரம் நிற்கும் ஆழமில்லாத தொட்டியான ட்ரேயை எண்ணெய் தொட்டுத் துடைத்தது எல்லாம் அவர். அன்றைக்கு அரங்கத்தில் என் பின்னால் நீர் தெளிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதும் அவர்தான்.

நடுவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடிமரத்தில் ஓரிடத்தில் விரலை வைத்து, "பெரிய வெட்டு எப்படி மூடியிருக்கிறது பாருங்கள், தழும்பே தெரியவில்லை" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் காட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, "கம்பி எப்போது கட்டினீர்கள்?" என்று கேட்டார். "இரண்டு வருஷம் ஆகிறது" என்றேன். கம்பி கட்டி இரண்டு வருஷம் ஆனது உண்மை. கட்டியது நான் இல்லை. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. அவரும் பின்னாலிருந்து எதுவும் சொல்லவில்லை. அட்டையில் மரத்தின் பெயர், மரத்தின் வயது, என் பெயர். வேறு எதற்கும் அதில் இடமில்லை.

வாய் திறக்காதது என் தவறு. ஆனால் உங்கள் படிவம் என்னிடம் கேட்டிருந்தால் நான் எழுதியிருப்பேன் என்பதும் உண்மை. படிவத்தில் 'உரிமையாளர் பெயர்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது.

இந்தப் பழக்கம் நம்மிடம் தோன்றியதல்ல என்று எனக்குத் தெரியும். போன்சாய் உலகம் முழுவதும் மதிக்கும் கண்காட்சி ஜப்பானின் கொக்குஃபு. 1934-இல் தொடங்கியது. டோக்கியோவில் உவேனோ பூங்காவிலுள்ள கலைக்கூடத்தில் பிப்ரவரிக் குளிரில் நடக்கும். ஒரு மரம் அங்கே உள்ளே நுழைந்தாலே அதன் மதிப்பு உயர்ந்துவிடும். கண்காட்சிக்காக அச்சிடும் புத்தகத்தில் மர வகை இருக்கும், தொட்டி எந்த வகை, எங்கே செய்தது என்பதும் இருக்கும், உரிமையாளர் பெயர் இருக்கும். மரத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கலைஞர் பெயர் இருக்காது. தொட்டிக்குக் கிடைக்கிற வரி அந்த மனிதருக்குக் கிடைப்பதில்லை. பல உரிமையாளர்கள் மரத்தைத் தங்கள் வீட்டில் வைத்திருப்பதுகூட இல்லை. ஒரு தொழில்முறைத் தோட்டத்தில் விட்டுவைத்திருப்பார்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்து வளர்ப்பாளர்கள் குடிபெயர்ந்து, 1925-இல் ஓமியாவில் ஒரு போன்சாய்க் கிராமத்தையே அமைத்தார்கள். அதுபோன்ற தோட்டங்களில் ஆசான் ஒருவர் இருப்பார், அவருக்குக் கீழே ஐந்தாறு ஆண்டுகள் தங்கிப் படிக்கும் சீடர்கள் இருப்பார்கள். நீர் ஊற்றக் கற்கவே மூன்று ஆண்டு என்பது அங்கே பழமொழி. நாள் தவறாமல் நீர் ஊற்றுவது அந்தச் சீடன்தான். மேடையில் அவன் பெயரும் கிடையாது, ஆசான் பெயரும் கிடையாது.

ஆனால் ஜப்பானியர்கள் இதைச் சமன்செய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தொழில்முறைக் கலைஞர்களுக்கென்றே சகுஃபு என்று தனிக் கண்காட்சி நடக்கிறது. அங்கே கலைஞர் தம் பெயரிலேயே மரத்தை வைப்பார், பிரதமர் விருது வரை வாங்குவார். உரிமையாளரின் பெருமைக்கு ஓர் அரங்கம், கைவேலையின் பெருமைக்கு ஓர் அரங்கம். நாம் அவர்களிடமிருந்து முதல் அரங்கத்தின் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். இரண்டாவது அரங்கம் நம்மிடம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு நாள், ஒரே கூடம். அப்படியானால் அந்த இரண்டு பெருமையும் ஒரே அட்டையில்தான் வரவேண்டும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. வாஷிங்டனில் அமெரிக்கத் தேசியத் தாவரத் தோட்டத்தின் போன்சாய் அருங்காட்சியகத்தில் 'கோஷின்' என்ற போன்சாய்த் தோப்பு இருக்கிறது, ஜூனிபர் என்ற ஊசியிலை மரங்களால் ஆனது. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஜான் நாக்கா 1948-இல் தொடங்கியது. பேரப்பிள்ளைகள் கூடக் கூட மரமும் கூடி, பதினொரு பேருக்குப் பதினொரு மரமாக நிற்கிறது. 1984-இல் அவர் அதைக் கொடையாகக் கொடுத்துவிட்டார். 2004-இல் காலமாகியும்விட்டார். இன்று அது அவருடைய சொத்து இல்லை. ஆனாலும் உலகத்தில் யாரும் அதை நாக்காவின் கோஷின் என்றுதான் சொல்கிறார்கள். உரிமை கைமாறினாலும் உருவாக்கியவர் பெயர் மரத்தைவிட்டுப் போகவில்லை.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு மரம். 1625 முதல் பயிற்றப்பட்டு வருவதாகச் சொல்லப்படும் வெள்ளைப் பைன். ஹிரோஷிமாவில் யமாக்கி குடும்பம் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் சுமார் 3 கிலோமீட்டர்தான். சுற்றுச்சுவர் காத்தது, மரம் பிழைத்தது. 1976-இல் மசாரு யமாக்கி அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். குண்டு பற்றிய செய்தி அங்கே பரவலாகத் தெரியவந்தது 2001-இல், அவருடைய பேரன்கள் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான். இருபத்தைந்து ஆண்டுகள் அந்த மரத்தின் முன்னால் நின்றவர்கள் இலையையும் கிளையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். கதை தெரிந்த பிறகு அதே மரத்தின் முன்னால் நிற்பது வேறு. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. வளர்த்தவர்களின் பெயர் தெரிந்தால் மரமே கூடுதலாகத் தெரிகிறது.

தொலைவில் போக வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன், தான் கொடுத்ததோடு தன் அக்கா கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் வெட்டச் சொன்னான். கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயரும் அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையும் அந்தச் சுவரில் இருக்கின்றன. பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. நாவிதர் இருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கருங்கல்லில் உளிகொண்டு இத்தனை பெயர்களை எழுத முடிந்திருக்கிறது. நாம் கேட்பது ஒரு காகித அட்டையில் ஒரு வரி.

உரிமையாளரைக் குறைத்துப் பேச வரவில்லை. நானும் ஓர் உரிமையாளர்தான். மரத்தை வாங்கிப் பாதுகாத்து, நல்ல ட்ரே தேடி, வேலைக்குக் கூலி கொடுத்து, வெளியூர்ப் பயணங்களைத் தள்ளிவைத்து வாழ்வதும் சின்ன விஷயம் இல்லை. அந்தப் பணமும் அக்கறையும் இல்லாவிட்டால் பல நல்ல மரங்கள் நாற்றங்கால் மூலையிலேயே செத்துப்போகும். உரிமையாளர் பெயர் முதலிலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே 'உருவாக்கியவர்' என்று ஒரு வரி வேண்டும். முடிந்தால் 'பராமரிப்பவர்' என்று இன்னொன்று.

அந்த மூன்றாவது வரிக்கு யார் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்கா. கத்திரி வெயிலில் இரண்டு அங்குல ஆழமுள்ள ட்ரேக்குக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நீர் வேண்டும். சில நாள் நண்பகலிலும் வேண்டும். ஒரு நாள் விட்டால் பதினாறு ஆண்டு உழைப்பு சருகாகிவிடும். நான் அலுவலகத்தில் இருக்கும்போது அந்த நீரை ஊற்றுவது அவர். மேற்கு ஓரம் முதலில் காயும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இலையின் அடியில் வெள்ளைப் பூச்சி வந்ததை முதலில் பார்த்ததும் அவர்.

உங்களில் சிலரிடம் நேரிலேயே பேசியிருக்கிறேன். நீங்கள் சொன்ன தயக்கங்கள் நியாயமானவைதான். மரம் நாலைந்து கை மாறி வந்திருந்தால் யார் பெயரைப் போடுவது? தெரிந்த பெயர்களைப் போடுங்கள். தெரியாவிட்டால் 'நாற்றங்காலில் வாங்கியது' என்று போடுங்கள், அதுவும் நேர்மையான தகவல்தான். பொய்யாக எழுதினால்? இப்போது வயதை எழுதச் சொல்கிறீர்களே, அதை யார் சரிபார்க்கிறார்கள்? நம்பித்தானே அச்சிடுகிறோம். தொழில்முறை ஆள் வேலை செய்த மரமும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தானே காகிதப்பூவை வெட்டி வளைத்த மரமும் ஒரே பிரிவில் போட்டியிடுவது பற்றி ஒருவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் இன்றைக்கே இருக்கிறது. உருவாக்கியவர் பெயரைக் கேட்டாலே இரண்டையும் தனித்தனிப் பிரிவாக வைக்க உங்களுக்கு வழி பிறந்துவிடும். தன் கையாலேயே எல்லாம் செய்தவருக்கு இரண்டு வரியிலும் அவர் பெயரே வரும். அதைவிட அவருக்கு வேறென்ன மரியாதை?

இதில் ஒரு பிழைப்பும் இருக்கிறது. பெயர் வெளியே தெரியாததால் இந்த அண்ணன் போன்றவர்களுக்கு வேலை வாய்வழியாகத்தான் வருகிறது. நாள் கூலி, பேருந்துச் செலவு, அவ்வளவுதான். இவர் மகன் இந்த வேலைக்கு வரவில்லை. கண்காட்சியில் நாற்பது மரங்களில் எட்டு மரங்களுக்குக் கீழே ஒரே பெயர் இருந்தால், பார்க்க வருபவர்களே அவரைத் தேடிப் போவார்கள். கற்றுக்கொள்ள யாராவது ஒரு பிள்ளை வரலாம்.

இந்த மடலில் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டேன். "இதில் எதுக்கும்மா, அட்டையில் வந்தால் பார்க்கலாம்" என்றார். அதனால் இங்கே எழுதவில்லை.

அடுத்த கண்காட்சிக்கு அதே கல்லிச்சியைக் கொண்டுவருகிறேன். இப்போது விழுதுகள் மண்ணைத் தொட்டுவிட்டன. போட்டிக்கு வேண்டாம், பார்வைக்கு மட்டும் வைத்தால் போதும். படிவத்தில் புதுக் கட்டம் இருந்தால் அதில் நிரப்புவேன். இல்லாவிட்டால் பின்பக்கத்தில் இரண்டு பெயர்களையும் கொட்டை எழுத்தில் எழுதித் தருவேன். அட்டை அச்சுக்குப் போகும் முன், தயவுசெய்து படிவத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கண்காட்சிகளுக்கு மரம் கொண்டுவரும் ஒருத்தி