85-ல் நின்றால் பாஸ் என்று யாரும் சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் வெளிநாட்டு நர்ஸ் வேலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பளம், விசா, ஆங்கிலத் தேர்வு எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் அமெரிக்க லைசன்ஸ் தேர்வான என்கிளெக்ஸ் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, குறைந்தபட்சமான 85 கேள்விகளிலேயே கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் தேர்ச்சி உறுதி என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அது தவறு. இதே பேச்சை முன்பு நம்பி எங்கள் வீட்டில் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்கள்.

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். 2024 தொடக்கத்தில் சென்னையில் முதல் முறை இந்தத் தேர்வை எழுதினேன். 200 டாலர் கட்டணம், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் இன்னொரு 150 டாலர், கோச்சிங் சென்டருக்குக் கட்டியது தனி. உள்ளே போகும்போது இரண்டு உள்ளங்கையையும் ஸ்கேன் செய்து, போன், வாட்ச் எல்லாவற்றையும் லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். கேள்விகள் ஒவ்வொன்றாகத்தான் வரும், விடை கொடுக்காமல் அடுத்ததுக்குப் போக முடியாது, கொடுத்த விடையைத் திரும்பிப் போய் மாற்றவும் முடியாது. 85-வது கேள்விக்கு விடை கொடுத்து அழுத்தினேன், அடுத்த கேள்வி வரவில்லை, தேர்வு முடிந்தது என்று வந்தது. மவுஸைப் பிடித்த கை அப்படியே நடுங்கியது.

வெளியே வந்ததும் கோச்சிங் சென்டர் சாருக்குத்தான் முதல் போன். "85-லயே நின்னுச்சா? பாஸ்தாம்மா, சந்தேகமே வேண்டாம்" என்றார். ராத்திரி பஸ்ஸில் நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் அப்பா லட்டு வாங்கிக் கொடுத்து முடித்திருந்தார். இரண்டு நாள் கழித்து, தனியாகப் பணம் கட்டினால் முன்கூட்டியே முடிவைப் பார்க்கலாம் என்பதால் கட்டிப் பார்த்தேன். பெயில். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அப்பா பால் வாங்க எங்கள் தெரு வழியாகப் போகாமல் பின்பக்கம் குளத்தங்கரையைச் சுற்றிப் போய்வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சரி, இந்தத் தேர்வு எப்படித்தான் முடிவு செய்கிறது? நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலிருந்தே நூற்றுக்கு எத்தனை என்று பழகியவர்கள், இங்கே அந்தக் கணக்கே இல்லை. நர்ஸ்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், நாம் பிரஷர் பார்க்கிறோம் இல்லையா, கையில் கஃப் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றி மெல்ல இறக்குகிறோம், ஸ்டெத்தில் எத்தனை சத்தம் கேட்டது என்று எண்ணுவதில்லை, எந்த இடத்தில் சத்தம் தொடங்குகிறது, எந்த இடத்தில் மறைகிறது என்றுதான் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் செய்வதும் அதுதான். முதலில் கொஞ்சம் சுலபமான கேள்வியாகக் கொடுக்கும். சரியாகச் சொன்னால் இன்னும் கடினமானது, தப்பாகச் சொன்னால் கொஞ்சம் எளிதானது, இப்படி ஏற்றி இறக்கி, எந்த அளவுக் கடினத்தில் இவர் பாதி சரி பாதி தப்பு என்ற நிலைக்கு வருகிறார் என்று தேடும். அந்த இடம்தான் அவருடைய திறமையின் அளவு. இதற்கு அடிப்படை டென்மார்க் கணித அறிஞர் கேயார்க் ராஷ் உருவாக்கிய கணக்கு முறை. அதனால் நன்றாகத் தெரிந்தவரும் சுமாராகத் தெரிந்தவரும் கிட்டத்தட்ட பாதிக் கேள்விக்குத்தான் சரியாக விடை சொல்லியிருப்பார்கள், ஒருவர் கடினமான கேள்விகளில் பாதி, இன்னொருவர் எளிய கேள்விகளில் பாதி. எழுதி முடித்துவிட்டு எனக்கு எத்தனை சரியாக இருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவதில் பிரயோஜனமே இல்லை.

பாஸ் ஆக இந்த அளவுத் திறமையாவது வேண்டும் என்று பாஸ் கோடு ஒன்று இருக்கிறது. தேர்வை நடத்தும் மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் அதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுத்துப் பார்க்கிறது. 2013 ஏப்ரலில் அதைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், 2023-ல் தேர்வின் வடிவமே மாறியபோதும் அந்தக் கோட்டை மாற்றவில்லை. இத்தனை பேரைத்தான் பாஸ் போடுவோம் என்ற ஒதுக்கீடு எதுவும் கிடையாது, பக்கத்து சீட்டில் இருப்பவர் எப்படி எழுதினாலும் உங்கள் முடிவு மாறாது. ஒவ்வொரு விடைக்குப் பிறகும் கம்ப்யூட்டர் உங்கள் அளவைத் திருத்திக்கொண்டே வருகிறது, அந்தக் கணிப்பில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. பிசகுக்கு இடம் விட்டுப் பார்த்தாலும் நீங்கள் கோட்டுக்கு மேலேதான் என்று 95 சதவீதம் உறுதியானால் பாஸ் போட்டு நிறுத்தும். கீழேதான் என்று அதே அளவு உறுதியானால் பெயில் போட்டு நிறுத்தும். இரண்டும் இல்லாமல் கோட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கேள்வி வந்துகொண்டே இருக்கும். இப்போது குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, மொத்தம் 5 மணி நேரம். 150 வரை போய்விட்டால் அந்த உறுதியெல்லாம் பார்க்காமல் கடைசியில் உங்கள் அளவு கோட்டுக்கு மேலா கீழா என்பதை மட்டும் பார்க்கும். நேரம் முடிந்துபோனால் குறைந்தபட்சக் கேள்விகளை எழுதியிருந்தால்தான் கணக்கு, இல்லாவிட்டால் பெயில்.

ஆக, 85-ல் நின்றது என்றால் கம்ப்யூட்டருக்கு உங்களைப் பற்றிச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், எந்தப் பக்கம் தீர்ந்தது என்பது அந்த எண்ணைப் பார்த்தால் தெரியாது. என் விஷயத்தில் கீழ்ப்பக்கம் தீர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறார்கள், கடைசிக் கேள்வி சுலபமாக வந்தால் பெயில், பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு என்ற வகைக் கேள்வி நிறைய வந்தால் பாஸ் என்று. இரண்டையும் நம்பாதீர்கள். ஒவ்வொருவருக்கும் வரும் கேள்விகளில் 15 மதிப்பெண்ணே இல்லாதவை, அவற்றைப் பின்னால் பயன்படுத்துவதற்காக இப்போது நம்மிடம் கொடுத்து எவ்வளவு கடினம் என்று அளந்துகொள்கிறார்கள், எவை அந்த 15 என்று நமக்குத் தெரியாது. நீங்கள் கடைசியாகப் பார்த்ததே அதில் ஒன்றாக இருக்கலாம். அப்புறம், பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு வகையில் முன்பு ஒன்று தவறினாலும் முழுக்கப் போய்விடும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு சரியானதுக்குக் கூட்டி, தவறாகத் தொட்டதுக்குக் கழித்து, மிஞ்சியதைத் தருகிறார்கள், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் தெரியாத இடத்தில் எல்லாக் கட்டத்தையும் டிக் அடித்துவிடு என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். எங்கள் சென்டரில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், போன தடவை வந்த கேள்விகள் என்று ஒரு பி.டி.எஃப்.-ஐயும் காசுக்கு விற்றார்கள். பெரிய கேள்வி வங்கியிலிருந்து ஆளுக்கு ஏற்றபடி எடுத்துக் கொடுக்கும் தேர்வுக்கு அடுத்தவருக்கு வந்த கேள்வியை மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது? அது தேர்வு விதிப்படி தப்பு என்பதையும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

பெயில் ஆனவர்களுக்கு மார்க் ஷீட் வராது, ஓர் அறிக்கை வரும். பாடப்பகுதி ஒவ்வொன்றிலும் நீங்கள் கோட்டுக்கு மேலே, அருகே, கீழே என்று மட்டும் இருக்கும். எனக்கு மருந்துகள் பகுதியில் மேலே. நோயாளிப் பராமரிப்பை நிர்வகிக்கும் பகுதியில் கீழே. ஏழு வருடம் வார்டில் நின்றவளுக்கு இது முதலில் அவமானமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தபோது புரிந்தது.

அந்தப் பகுதியில் என்ன கேட்பார்கள் என்று காட்டுகிறேன். தேர்வில் வந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினேன், அதனால் இது நானே யோசித்தது. காலை டியூட்டிக்கு வருகிறீர்கள், நான்கு நோயாளிகள். ஒருவருக்கு நேற்று குடல்வால் ஆபரேஷன், வலி பத்துக்கு எட்டு என்கிறார். ஒருவருக்குச் சர்க்கரை 240. ஒருவர் நேற்று மாலை தைராய்டு ஆபரேஷன் ஆனவர், அடிக்கடி எச்சில் விழுங்குகிறார், கழுத்துக் கட்டு இறுக்குகிறது என்று விரலால் இழுத்துவிடுகிறார். ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறார். முதலில் யாரிடம் போவீர்கள்? சத்தமாகக் கூப்பிடுவது வலிக்காரர். ஆனால் போக வேண்டியது கழுத்துக் கட்டை இழுப்பவரிடம், உள்ளே ரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை அமுக்கிக்கொண்டிருக்கலாம். நான்கு நோயையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்தவரும் இங்கே தவறலாம்.

நம் மருத்துவமனைகளில் நாம் இதைச் செய்யாமல் இல்லை, செய்கிறோம், ஆனால் பெரும்பாலும் டாக்டருக்கு போன் போட்டுவிட்டு அவர் சொல்வதற்காகக் காத்திருந்து பழகியிருக்கிறோம். அங்கே நர்ஸ் தானாக என்ன செய்வார், எந்த வேலையை உதவியாளரிடம் விடலாம், எதை விடக்கூடாது என்று கேட்கிறார்கள். இந்த வேலைப் பிரிப்பே நம் வார்டுகளில் வேறு மாதிரி. அமெரிக்காவில் படித்தவர்கள் முதல் முறையில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பாஸ் ஆகிறார்கள், வெளிநாட்டில் படித்தவர்களில் பத்துக்கு ஐந்தாறு பேர்தான். நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். பழக்கம் வேறு, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை மாற்றப் பயிற்சி கொடுக்க வேண்டிய சென்டர்கள் பி.டி.எஃப். விற்றுக்கொண்டிருக்கின்றன என்பதுதான் என் கோபம்.

மறுபடி எழுத 45 நாள் காத்திருந்தால் போதும். நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். நைட் டியூட்டி முடிந்து வந்து தினமும் இருபது கேள்வி, அதற்கு மேல் இல்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் மற்ற மூன்று விடை ஏன் தப்பு என்று என் தங்கைக்கு வாயால் சொல்லிக் காட்டினேன், அவளும் நர்சிங் மாணவிதான். இரண்டாவது முறை 85 தாண்டியது, 100 தாண்டியது, 130 தாண்டியது, நிற்கவே இல்லை. 85-ல் நின்றால்தான் பாஸ் என்ற பேச்சை இப்போதும் நம்பியிருந்தால் அப்போதே மனசு விட்டிருப்பேன். எப்படியாவது முடிந்தால் போதும் என்று கடகடவென்று எதையாவது தொட்டுவிட்டு எழுந்து வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அப்படி அடித்துவிட்டால் எளிய கேள்விகளும் தவறி அளவு கீழே இறங்கிவிடும். நான் ஒவ்வொரு கேள்வியையும் முதல் கேள்வி மாதிரி படித்தேன். 150 வரை போனது. பாஸ்.

அதற்காக இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் விடைத்தாளை நாம் பார்க்க முடியாது, எந்தக் கேள்வி தவறியது என்று கேட்க முடியாது, மேலே கீழே என்று ஓர் அறிக்கையோடு சரி. இவ்வளவு பணம் கட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் 1994 ஏப்ரலுக்கு முன்னால் இதே தேர்வு காகிதத்தில், வருடத்துக்கு இரண்டே தடவை, இரண்டு நாள் உட்கார்ந்து எழுத வேண்டியதாக இருந்தது. தவறினால் அடுத்த தடவை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைவிட இது எவ்வளவோ மேல். கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான், யார் சிபாரிசும் தேவையில்லை.

இந்த விஷயம் அமெரிக்காவோடும் முடியவில்லை. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் 2015 முதல் இந்தத் தேர்வுதான், ஆஸ்திரேலியாவும் 2020 முதல் வெளிநாட்டில் படித்த நர்ஸ்களில் பலரை இதையே எழுதச் சொல்கிறது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிற வீடுகள் எனக்கே பத்துப் பதினைந்து தெரியும். அந்த வீடுகளில் உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார்கள், அதில் வந்தால் நம்புகிறார்கள். அதனால் அந்த ஒரு வரியைத் திருத்தி, தேர்வு எப்படி முடிவு செய்கிறது என்பதை ஒரு பத்தியாவது போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில் வந்தால் நல்லது.

என் தங்கை படிப்பை முடித்துவிட்டாள், அடுத்த மாதம் சென்னையில் எழுதப் போகிறாள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன், அவள் வெளியே வந்ததும் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், எத்தனையில் நின்றது என்று யாரும் கேட்கக் கூடாது. அப்பாதான் முதலில் சரி என்றார்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
நாகர்கோவில்.